அக்காவின் தொண்ணூறு வினாடிகள்

அக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆறாவது நாள் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் மவுஸ் காணாமல் போனது. அப்பா சோபாவுக்கு அடியில் கைவிட்டுத் தேடினார். அம்மா துணிக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். நான்தான் உடைத்துவிட்டு மறைத்திருப்பேன் என்று முடிவு செய்து ஆளுக்கொரு பக்கம் திட்டினார்கள். கடைசியில் அக்கா அலமாரியைத் திறந்து தன் சாக்ஸ் ஒன்றை எடுத்து உதறினாள். மவுஸ் பொத்தென்று கட்டிலில் விழுந்தது.

"நான்தான் ஒளிச்சு வெச்சேன். எக்செல்ல மவுஸைத் தொடாம வேலை பண்ணிப் பழகணும். கண்ல பட்டா கை தானா போயிடுது."

"யாருடி சொன்னா?" என்றாள் அம்மா.

"யுனிவர்சிட்டில பேங்க் வேலைக்குத் தயார் பண்ற கிளப் ஒண்ணுல சேர்ந்திருக்கேன், அதோட தலைவர். பேங்க்ல சேர்ந்த முதல் நாளே மவுஸைப் பிடுங்கி வெச்சுக்குவாங்களாம். கீபோர்டுலயே எல்லாம் பண்ணணும்."

"அவ்வளவு பெரிய பேங்க், ஆளுக்கு ஒரு மவுஸ் வாங்கித் தர முடியாதா?" என்றார் அப்பா.

நான் அப்போது பத்தாம் வகுப்பு. இப்போது பள்ளியை முடித்துவிட்டேன். என்னோடு படித்தவர்களில் நான்கைந்து பேர் அக்கா படிக்கிற அதே படிப்பில் சேரப் போகிறார்கள். "உங்கக்காதான் முதல் நாள்லருந்தே ரெடியானாங்களே, பேங்க்ல சேர்ந்துட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால், "ஏன், மார்க் கம்மியா?" என்பது அடுத்த கேள்வி. மார்க் குறையவில்லை. நடந்தது வேறு. அதை ஒரு வரியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அக்கா சேர விரும்பியது நாம் பணம் போட்டு எடுக்கிற பேங்க் இல்லை. இன்வெஸ்ட்மென்ட் பேங்க். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்க நினைத்தால், அது என்ன மதிப்புப் பெறும், வாங்குவது புத்திசாலித்தனமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவர்கள். அக்கா இதை அம்மாவுக்கு இரண்டு வாரம் விளக்கினாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நம்ம பாஸ்புக்குல என்ட்ரி போட்டுத் தருவியா மாட்டியா?" என்றாள். அதன் பிறகு அக்கா விளக்குவதை விட்டுவிட்டாள்.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. படித்து முடித்துவிட்டு வேலை தேடினால் கதவு மூடியிருக்கும். அக்காவின் படிப்பு நான்கு வருடம். மூன்றாம் வருட விடுமுறையில் பேங்கில் பத்து வாரப் பயிற்சி. அதில் நன்றாகச் செய்தவர்களையே வேலைக்கும் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பயிற்சிக்குப் பல மாதங்களுக்கு முன்பே பேட்டி. பேட்டிக்குக் கூப்பிட வேண்டும் என்றால் அதற்கு முன்பே ஏதாவது செய்து காட்டியிருக்க வேண்டும். இப்படிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தால் முதல் வருடம் முதல் வாரத்தில் வந்து நிற்கும். முதல் கூட்டத்தில் கிளப் தலைவர் இதைப் பலகையில் வரைந்து காட்டிவிட்டு, "நாலாம் வருஷத்துல வேலை தேடறவங்க, ரயில் போன பிறகு டிக்கெட் வாங்கறவங்க" என்றாராம். அக்கா வீட்டுக்கு வந்து அதே படத்தை எங்கள் அறைச் சுவரில் ஒட்டினாள்.

"முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள வேலைக்கா?" என்றாள் அம்மா.

"பந்திக்கு முந்துன்னு நீதானேம்மா சொல்லுவ."

"பந்திக்கு முந்தச் சொன்னேன். உலை வைக்கும்போதே இலையைப் போட்டு உக்காரச் சொல்லல."

ஆனால் அக்கா உட்கார்ந்துவிட்டாள். நானூறு கேள்வி அடங்கிய ஒரு தொகுப்பை அச்செடுத்துச் சுருள் கம்பி போட்டு வாங்கி வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே அறை என்பதால் பேட்டி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தினமும் காலையில், பள்ளிக்குக் கிளம்பும் முன், நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்பேன். அவள் நின்றபடி பதில் சொல்வாள்.

"தேய்மானம் பத்து கூடினா கம்பெனியோட மூணு கணக்கறிக்கையிலயும் என்ன ஆகும்?"

"வரிக்கு முந்தின லாபம் பத்து குறையும். வரி இருபது சதவீதம்னா நிகர லாபம் எட்டு குறையும். ஆனா தேய்மானத்துக்குக் கையிலிருந்து காசு போறதில்ல. அதனால பத்தைத் திருப்பிக் கூட்டணும். கையிருப்பு ரெண்டு கூடும்."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "மெஷின் தேயத் தேயக் காசு கூடுமா? நம்ம வாஷிங் மெஷினுக்கு ஏன்டி கூடல?"

இரண்டு வருடத்தில் நானூறும் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டன. ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. அக்காவுக்கு அர்த்தம் தெரிந்தது. அவள் ஏமாற்றிப் படிக்கிறவள் இல்லை. ஒரு கேள்வி புரியவில்லை என்றால் அன்று பேருந்தில் வாயசைத்துக்கொண்டே போவாள். ஏற்கெனவே பேங்கில் வேலை செய்கிறவர்களைத் தேடி எழுதுவாள், இருபது நிமிடம் காபி குடித்துக்கொண்டு பேசலாமா என்று. நூறு பேருக்கு எழுதினால் நாலு பேர் பதில் போடுவார்கள். அந்த இருபது நிமிடத்துக்காக இரண்டு பேருந்து மாறிப் போய், கட்டடத்துக்கு எதிரே முக்கால் மணி நேரம் முன்னதாகவே நிற்பாள். திரும்பி வந்து நோட்டில் எழுதிக்கொள்வாள்: இவருக்குச் சைக்கிள் பிடிக்கும், இவர் கேள்வி கேட்டால் எரிச்சலாகிறார்.

கிளப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. அக்காவின் ஜோடியை நாங்கள் பென்சில் என்று கூப்பிடுவோம். ஆளும் ஒல்லி, கொண்டையிலும் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அக்காவோடு அதே வகுப்பு. வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே "ஆன்ட்டி, பசிக்குது" என்பாள். அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். "வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும், நம்ம வீட்டுது ஊமைக் கோட்டான்" என்று அக்காவைப் பார்த்துச் சொல்வாள்.

அவர்கள் இருவரையும் வாட்டியது நானூறு கேள்விகள் இல்லை. நானூறுக்கும் முன்னால் வருகிற ஒரே கேள்வி: உனக்கு ஏன் இந்த வேலை? அதற்குத் தொண்ணூறு வினாடிக்குள் ஒரு கதை சொல்ல வேண்டும். சொந்தக் கதையாக இருக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும், கேட்கிறவர் அன்று பார்க்கும் இருபது பேரில் மறக்க முடியாததாக இருக்க வேண்டும்.

"எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமே ஆகலடி" என்று பென்சில் புலம்புவாள். "அப்பா கிளார்க், அம்மா லேப் டெக்னீஷியன், ரெண்டு பேருக்கும் சர்க்கரை கூட இல்ல. நான் என்னத்தைச் சொல்ல?"

அக்காவிடம் ஒரு கதை இருந்தது. அது அப்பாவின் கதை.

அப்பா ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அச்சுப் பிரிவு சூப்பர்வைசராக இருந்தார். பத்தொன்பது வருடம். அக்கா பத்தாம் வகுப்பு படித்தபோது ஒரு பெரிய கம்பெனி அதை வாங்கியது. வாங்கியவர்களிடம் ஏற்கெனவே அதே மாதிரி ஒரு தொழிற்சாலை இருந்தது. ஒன்று போதும் என்று அப்பாவுடையதை மூடிவிட்டார்கள். கடைசி நாள் அப்பா வீட்டுக்கு எடுத்து வந்தது அவருடைய லாக்கர் பூட்டை மட்டும்தான். அது அவர் சொந்தக் காசில் வாங்கிய பூட்டு. ஆனால் சாவிக் கொத்தைப் பழக்கத்தில் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார். பூட்டிய பூட்டு, சாவி இல்லை. அதை மேசையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உறவினர்களிடம் அவர் வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறார். மை வாசனை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நானே விட்டுவிட்டேன் என்று. இப்போது ஒரு பார்க்கிங் கட்டடத்தில், கார் நுழையும் இடத்திலுள்ள கூண்டில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிறார். உறவில் உண்மை எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். அவர் முன்னால் நாங்கள் அதைப் பேசுவதில்லை.

அக்கா இந்தக் கதையை முதலில் சொன்னபோது நாலு நிமிடம் வந்தது. கிளப் தலைவர் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா இது சோகக் கதை. பேங்க்காரன் முன்னாடி உக்காந்து பேங்க்காரனைத் திட்டற மாதிரி இருக்கு. கடைசி வரியை மாத்து" என்றார். அக்கா மாற்றினாள். இப்படி: "பின்னாடி நானே அந்த ரெண்டு தொழிற்சாலையோட கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். மூடின முடிவு சரியானதுதான்னு புரிஞ்சுது. அப்படிப்பட்ட முடிவை எடுக்கற மேசையில, அதனால வேலை போன வீட்டையும் தெரிஞ்ச ஒருத்தி இருக்கணும்னு தோணிச்சு."

அவள் உண்மையாகவே கணக்கை எடுத்துப் பார்த்தாள். இரண்டாம் வருட விடுமுறை முழுக்க நூலகத்தில் அதைத்தான் செய்தாள்.

கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. தன் கதையைத் தானே சொல்லும்போது எங்கே அலுக்கிறது என்று தெரியாதாம். அதனால் ஜோடி மாறிச் சொல்வார்கள். அக்காவின் கதையைப் பென்சில் தன் கதை போலச் சொல்வாள், பள்ளியில் பேட்ஜ் விற்றதைப் பற்றிப் பென்சில் எப்படியோ தேற்றியிருந்த கதையை அக்கா சொல்வாள். சொந்தக்காரி உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொள்வாள். மாசக்கணக்கில் இப்படிச் செய்தார்கள். கடிகாரம் பார்ப்பது நான்.

பென்சில் எங்கள் அப்பாவைத் தன் அப்பாவாக்கிச் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். "ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கப்பா வீட்டுக்கு வந்தார்" என்று தொடங்குவாள். பூட்டு வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தி ஒரு கணம் நிறுத்துவாள். அக்கா நிறுத்தவே மாட்டாள், பரீட்சையில் ஒப்பிப்பது போல ஓடிவிடுவாள்.

ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பென்சிலக்கா, நீங்க சொன்னாத்தான் நம்பற மாதிரி இருக்கு" என்றேன்.

"பாத்தியாடி, உன் தங்கச்சியே எனக்கு வேலை கொடுத்துட்டா!" என்று பென்சில் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். நானும்.

மூன்றாம் வருடம் பதினொரு பேங்குக்கு விண்ணப்பித்ததில் ஒன்றே ஒன்று அக்காவைக் கடைசிச் சுற்றுப் பேட்டிக்குக் கூப்பிட்டது. பென்சிலையும் அதே பேங்க், அதே நாள் கூப்பிட்டது. பென்சிலுக்குக் காலை பதினொன்றரை மணி, அக்காவுக்கு மதியம் இரண்டு. கிளப்பில் பேட்டிக்குப் போகிறவர்களுக்கு இரவல் தர ஒரு பீரோ நிறையக் கோட்டுகள் உண்டு, எண் போட்டிருக்கும். அக்காவுக்கு நாலாம் எண். கை சற்று நீளம். அம்மா உள்பக்கமாக மடித்துத் தைத்துக் கொடுத்தாள். அப்பா அன்று வேலைக்குப் போகும்போது, "நிமிர்ந்து உக்காரு பெரியவளே, அது போதும்" என்றார்.

பேட்டியில் நடந்தது அக்கா பிறகு சொன்னது.

ஒன்றரை மணிக்கு அவள் பேங்க் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குள் நுழைந்தபோது பென்சில் வெளியே வந்துகொண்டிருந்தாள். "எப்படி இருந்துச்சுடி?" என்று அக்கா கேட்டதற்கு, "தலைவலி. நீ போ, நேரமாச்சு" என்று நிற்காமல் போய்விட்டாள். பதினான்காவது மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறை. எதிரே இரண்டு பேர். சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா, பக்கத்தில் குறிப்பு எடுக்கிற ஓர் இளைஞர். தண்ணீர் வைத்தார்கள். உங்களுக்கு ஏன் இந்த வேலை என்றார்கள்.

அக்கா தொடங்கினாள். மூன்றாவது வாக்கியத்தில் இளைஞரின் பேனா நின்றது. அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா தன் கதை மனதைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பூட்டு வரும் இடத்தில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பென்சில் செய்வது போல ஒரு கணம் நிறுத்தினாள்.

"பூட்டு கூடவா?" என்றார் அந்த அம்மா.

"மேடம்?"

"சாவி இல்லாத பூட்டுதானே? மேசையில வெச்சுட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தார், இல்லையா? மேல சொல்லுங்க."

அக்காவுக்கு அப்போதும் புரியவில்லை. கடைசி வரி வரை சொன்னாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தக் கதை எந்த வெப்சைட்டுல கிடைக்குது? தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்" என்றார். அக்கா, "இது எங்கப்பா மேடம்" என்றாள். இளைஞர், "காலையில வந்தவங்களுக்கும் அப்பாதான்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லையாம், அலுப்பாகத்தான் சொன்னாராம். அதுதான் தாங்கவில்லை என்றாள்.

பிறகு மீதிக் கேள்விகளை மரியாதைக்குக் கேட்டார்கள். தேய்மானம் பத்து கூடினால் என்ன ஆகும் என்றும் கேட்டார்கள். மூன்று வருடமாகத் தூக்கத்திலும் சொல்கிறவள், அங்கே, "லாபம் கூடும்" என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பேங்கின் ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இந்த முறை இல்லை என்றாள். காரணம் கேட்டபோது தயங்கிவிட்டு, "நீங்க சொன்ன அனுபவம் இன்னொருத்தர் சொன்னதோட வரிக்கு வரி ஒத்துப்போகுதுன்னு குறிச்சிருக்காங்க. எங்ககிட்ட மறுபடி விண்ணப்பிச்சாலும் இந்தக் குறிப்பு வரும்" என்றாள். அன்று மாலையே பென்சில் தேர்வாகிவிட்டாள் என்று கிளப்பின் பக்கத்தில் வாழ்த்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பென்சில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பசிக்குது என்று சொல்லவில்லை. எங்கள் அறைக்கு வந்து கதவோரமே நின்றாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். "நீ இரு" என்றாள் அக்கா.

"சத்தியமா நான் திட்டம் போட்டுப் போகல" என்றாள் பென்சில். "என் கதையைத்தான் சொல்லப் போனேன். ஸ்கூல்ல பேட்ஜ் வித்ததை. அந்தம்மா மூஞ்சியப் பார்த்ததும் அது அப்படியே மறந்துடுச்சு. வாயைத் தொறந்தேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம்னு வந்துடுச்சு. பாதில எப்படிடி நிறுத்த?"

"பூட்டு வரைக்குமா?"

"பூட்டு வரைக்கும்."

"கடைசி வரி?"

பென்சில் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும்தான்."

"எழுதிக் குடு. அது என் கதைன்னு ஒரு கடிதம். வேற ஒண்ணும் வேணாம்."

"குடுக்கறேன்" என்றாள். போகும்போது அழுதாள். அம்மா ஒன்றும் தெரியாமல், "என்னடி, காதலா?" என்று கேட்டாள்.

நாலு நாளாகக் கடிதம் வரவில்லை. ஐந்தாம் நாள் அக்கா போன் செய்தபோது எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். பென்சில் யோசித்து வைத்திருந்தாள். "நான் எழுதினா என்னைத் தூக்கிடுவாங்க. அதுக்காக உன்னைச் சேர்த்துக்க மாட்டாங்க, பட்டியல்ல அடுத்தவனைக் கூப்பிடுவாங்க. ரெண்டு பேரும் வெளில நிக்கறதுல யாருக்குடி லாபம்? ஒருத்தியாவது உள்ள இருந்தா, நாளைக்கு உன்னை உள்ள இழுக்க முடியும்."

"சரியான பதில்" என்றாள் அக்கா. "பேட்டியில இதையே சொல்லியிருக்கலாம். என் கதையைத் தொடாமலே எடுத்திருப்பாங்க." போனை வைத்துவிட்டாள்.

அன்றுதான் நான், பென்சில் சொன்னால்தான் நம்பும்படி இருக்கிறது என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது உண்மைதானே" என்றாள். என் மீது கோபப்பட்டிருந்தால் எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. அப்பாவைத் தொழிற்சாலை விடுவித்தபோது கொடுத்த கடிதம். அதில் அப்பா பெயர், பிரிவு, மூடிய காரணம் எல்லாம் உண்டு. அதையும் தன் பிறப்புச் சான்றையும் சேர்த்து அனுப்பினால் இது யாருடைய அப்பா என்பதாவது தெரியும். அக்கா அம்மாவிடம் கேட்டாள். அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு, "அது அவர் ஃபைல். அவர்கிட்டயே கேளு. நான் எடுத்துக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "என்னைப் பத்தியா சொன்ன?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"கிளப்புலயும் சொல்லியிருக்க?"

"ஆமா."

"அந்தப் பொண்ணு இத்தனை நாள் நம்ம வீட்ல வந்து சாப்பிட்டப்போ, அதுக்கு இது தெரியுமா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சரி, சொல்லு. எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லு" என்றார்.

அவள் வேண்டுமென்றால் கடைசி வரியை விட்டிருக்கலாம். நான் அறை வாசலில் நின்று, விட்டுவிடு, விட்டுவிடு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து நின்றாள். மூன்று வருடப் பழக்கம், உட்கார்ந்தால் அவளுக்கு வராது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் தொடங்கி, மூடின முடிவு சரியானதுதான்னு புரிஞ்சுது என்பது வரை, முழுதாக, தொண்ணூறு வினாடியில் அப்பாவிடம் சொல்லி முடித்தாள்.

அம்மா அடுப்படியில் குழாயை மூடிவிட்டிருந்தாள்.

"அந்த இன்னொரு பிளான்ட்ல மெஷின் புதுசு" என்றார் அப்பா. "எங்களுதைவிட வேகமா ஓடும். அது சரிதான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா அது வெள்ளிக்கிழமை இல்ல. வியாழக்கிழமை. நீ தப்பாச் சொல்லியிருக்க. யாராவது விசாரிச்சிருப்பாங்க, தேதி இடிச்சிருக்கும். அதனாலதான் நம்பல போல."

"அப்பா..."

"இல்ல, இந்த மாதிரி இடத்துல சின்னதைத்தான் பார்ப்பாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

உள்ளே போய் ஃபைலைக் கொண்டுவந்தார். கடிதத்தை எடுத்து, மடிப்புகளை விரலால் நீவி, அக்கா கையில் கொடுத்தார். அதில் தேதி வியாழக்கிழமைதான். அவரே பக்கத்தில் இருந்து அக்கா எழுதிய விண்ணப்பத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "தேவைப்பட்டால் என் தந்தை நேரில் வந்து விளக்கம் அளிக்கத் தயாராக இருக்கிறார்" என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். ஐந்து வருடமாகச் சொந்தத் தம்பியிடம் கூடச் சொல்லாத மனிதர்.

பதில் மூன்றாம் நாள் வந்தது. மொத்தம் நாலு வரி. ஆவணங்களுக்கு நன்றி, தேர்வுக் குழுவின் முடிவை மறுபரிசீலனை செய்யும் நடைமுறை இல்லை, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். கடிதத்தைப் பற்றி, அப்பாவைப் பற்றி, ஒரு சொல் இல்லை. அக்கா என்னிடம் மட்டும் காட்டினாள். "அப்பாகிட்ட சொல்லாத. இன்னும் வரலன்னு சொல்லிடு" என்றாள்.

உலகத்தில் வேறு வேலையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். போன மாதம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பேட்டிக்குப் போனாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்களாம். பெயர் சொன்னாள், படிப்பைச் சொன்னாள், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். "என்னைப் பத்திச் சொல்ல வேற ஒண்ணும் எங்கிட்ட இல்லடி" என்றாள். மூன்று வருடமாக மற்ற எல்லாவற்றையும் வெட்டி வெட்டி அந்தத் தொண்ணூறு வினாடியை மட்டும் வைத்துக்கொண்டவள். இப்போது காலையில் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரியும். பென்சிலுக்கு அடுத்த வாரம் பயிற்சி தொடங்குகிறது.

கடிதம் அனுப்பி நாலு மாதம் ஆகிறது. அப்பா தினமும் கேட்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்டுக் கை கழுவும்போது, யாரையும் பார்க்காமல் கேட்பார்.

நேற்றும் கேட்டார். "ஏதாவது வந்துச்சா?"

"இன்னும் இல்லப்பா" என்றாள் அக்கா. "பெரிய இடம். லேட் ஆகும்."

"ஆகட்டும், ஆகட்டும். கூப்பிட்டா மட்டும் ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடு. கூண்டுல எனக்குப் பதிலா ஆள் போடணும்." துண்டில் கையைத் துடைத்தார். "வியாழக்கிழமைன்னு நானே சொல்லிடறேன்."